மூன்றாகப் பிரிந்த முதலை

எங்கள் ஊர்க் குளத்தில் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு முதலை இருப்பதாக நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் அது என் சொந்த விஷயம். நான் அதை மைக்கில் சொல்லிவிட்டேன்.

சில வருடங்களுக்கு முந்தைய மார்கழி அது. திருவிடைமருதூருக்கு வடக்கே, கொள்ளிடத்தைப் பார்த்துப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். என் தொழில் மைக் செட் என்பது இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

மார்கழி பிறந்தால் மைக் செட்காரனுக்குத் தூக்கம் கிடையாது. விடிவதற்கு முன்னால் குளக்கரைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பக்திப் பாட்டுப் போட வேண்டும். குரங்குக் குல்லா, அதன்மேல் ஒரு துண்டு, துண்டுக்கு மேல் என் மனைவி அரசியின் பழைய சால்வை. இவ்வளவையும் சுற்றிக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பெட்டி சூடாக இருக்கும். மார்கழியில் என் பக்தி முழுவதும் அந்தச் சூட்டின் மேல்தான்.

இரண்டு பாட்டுக்கு நடுவே மைக்கை எடுத்து ஊருக்கு ஒரு வணக்கம், ஒரு நகைச்சுவை. அது என் பழக்கம். ஊர் சிரிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் போர்வைக்குள் இருப்பார்கள்.

அன்றைக்குப் பனி இறங்கி எதிர்க்கரையே தெரியவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தண்ணீரில் எதுவோ அசைந்தது.

முதலில் ஒரு தட்டையான தலை. அதற்குப் பின்னால் ஒரு முதுகு. முதுகுக்குப் பின்னால் இன்னொரு மேடு. அதற்கும் பின்னால் வால். எல்லாம் ஒரே கோட்டில், சத்தமில்லாமல், என் பக்கமாக நகர்ந்து வந்தன. பிறகு மூக்கைச் சிந்துவதுபோல ஒரு சத்தம். ஒரு மீன் துள்ளியது. துள்ளிய மீன் திரும்ப விழவில்லை. நறுக்கென்று ஒரு கடி மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் பேசியதை ஊரே கேட்டிருக்கிறது. எனக்குத்தான் நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

“பிள்ளையாரப்பா... மொதல... மொதல வந்திருச்சு... யாரும் குளத்துப் பக்கம் வராதீங்க... நான் தனியா இருக்கேன்... யாராச்சும் வாங்க.”

வராதீங்க என்றும் வாங்க என்றும் ஒரே மூச்சில் சொன்ன அறிவிப்பாளன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். கம்பும் கடப்பாரையுமாக ஆட்கள் வந்து பார்த்தபோது, கருங்கல் மூஞ்சூறின் முதுகில் நான் ஏறி நின்றிருந்தேன். பிள்ளையாரையே மறைத்துக்கொண்டு.

உயிரோடிருந்த கோவிந்தசாமி

என் வார்த்தைக்கு ஊரில் என்ன மதிப்பு என்று இங்கே சொல்லிவிட வேண்டும்.

தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு மரண அறிவிப்புக்குப் போனேன். ஆட்டோவில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும். இறந்தவர் கீழத்தெரு கோவிந்தசாமி. நான் குரலை உருக்கிச் சொன்னது மேலத்தெரு கோவிந்தசாமியை. அவருடைய மகன்கள் பெயர், வெளிநாட்டில் இருக்கும் பேரன் பெயர் எல்லாம் சேர்த்து.

மேலத்தெருவில் ஆட்டோ திரும்பியபோது தோளில் துண்டோடு ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நல்லாத்தான் சொல்ற. எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?”

“நாலு மணிக்குங்க.”

“அதுக்குள்ள நான் சாப்ட்டு வந்துரலாமா?”

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் பல வருடம் நன்றாக இருந்தார். கடைசியில் உண்மையாகவே இறந்தபோது, அறிவிப்புக்கு அவர் வீட்டார் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது என்று.

அன்றிலிருந்து நான் மைக்கில் எது சொன்னாலும், ஊரில் இன்னும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டுத்தான் நம்புவார்கள். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வருகிற நேரத்தைச் சொன்னாலும் சரி, ரேஷன் கடையில் பாமாயில் வந்ததைச் சொன்னாலும் சரி.

ஆனால் முதலையை நம்பினார்கள். எல்லோரும். உடனே.

காரணம் இருக்கிறது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. ஆற்றில் இறங்கியவரைக் கவ்வியது, ஆட்டை இழுத்தது என்று எல்லார் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். சில வீடுகளில் அது கதையல்ல. அதனால் அந்தப் பயத்தை நான் கேலி செய்யப்போவதில்லை. என் பயத்தைக் கேலி செய்வதற்கே எனக்கு நேரம் போதவில்லை. அன்றைக்குக் குளியலறை வாளியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குளித்தேன்.

சேகரின் கம்பி

குளத்து மீன் என் மைத்துனன் சேகருடையது. அரசியின் தம்பி. ஊராட்சி ஏலத்தில் மீன் பிடிக்கும் உரிமையை எடுத்து, புதுத் தண்ணீர் வந்ததும் ரோகு, கட்லா குஞ்சுகளை விட்டு, தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்துவந்தான். குத்தகை வயலில் அவன் போட்ட சம்பாவைக் காட்டுப்பன்றிகள் பாதி உழுதுவிட்டன. மிச்சமிருந்தது இந்த மீன். அதை நம்பித்தான் மகளை நர்சிங் படிக்கச் சேர்த்திருந்தான்.

விடிந்ததும் வந்தவன் கரையில் குனிந்து பார்த்தபடியே நடந்தான். சேற்றில் எதுவோ சறுக்கிக்கொண்டு போன தடம். மீன் தலைகள். செதில்கள். என் பக்கத்தில் வந்து நின்றான்.

“மாமா, நெசமாவே பார்த்தீங்களா? இல்ல, கோவிந்தசாமி கதையா?”

“குலதெய்வத்து மேல சத்தியம் மாப்ள. பன்னெண்டு அடி.”

“அளந்தீங்களா?”

“அளந்திருந்தா இப்ப உங்கக்கா நெத்தியில பொட்டு இருக்காது.”

அரசி பின்னால்தான் நின்றிருந்தாள். “அளக்கறதுக்கு நீங்க மூஞ்சூற விட்டு எறங்கியிருக்கணும்” என்றாள்.

சேகர் சிரிக்கவில்லை. அவன் மனதில் வேறு கணக்கு ஓடியது. “பன்னிக்குக் கட்டின கம்பி வயல்ல இருக்கு. அவுத்துட்டு வந்து குளத்தைச் சுத்திக் கட்டிருவோம். மோட்டார் கொட்டகையிலேருந்து லைன் எடுத்தா போதும்.”

“டேய் சேகரு, ஆடு மாடு, புள்ளைங்க நடக்குற எடம்டா” என்றாள் அரசி.

“பொழுதடைஞ்சு போடுவேன், நல்லா விடிஞ்சதும் எடுத்துருவேன்க்கா. மாமா மைக்குல சொல்லிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“இருட்டோட வர்றதே உங்க மாமாதான்.”

“கோயில் பக்கம் படித்துறைய விட்டுட்டுத்தான் கட்டுவேன். மாமா நேரா வந்து நேரா போவட்டும்.”

“உங்க மாமா எந்தக் காலத்துல நேரா போனாரு?”

நான் சேகர் பக்கம் சேர்ந்துகொண்டேன். எனக்கு முதலைப் பயம். கம்பிச் சுருளின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். அப்படிக் கம்பி போடுவது சட்டப்படி குற்றம் என்பது ஊரில் தெரியாதவர் இல்லை. எலிக்கும் பன்றிக்கும் போட்ட கம்பியில் மனிதர்கள் செத்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, அதே பேப்பரில் பஜ்ஜியின் எண்ணெயைப் பிழிகிறவர்கள் நாங்கள்.

அரசி மேற்கொண்டு பேசவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டாள். அவள் பேச்சை நிறுத்தினால் ஒத்துக்கொண்டாள் என்று நினைக்கிற பழக்கம், கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் அவளோடு நான் சண்டை போட்டால் டி.வி. ரிமோட் அரிசி டிரம்முக்குள் போய்விடும். ஒருமுறை அதைத் தேடிக் கையை விட்டபோது விரலில் ஒரு பல்லி ஏறியது. அதற்குப் பிறகு நான் அந்த டிரம்மைத் திறப்பதில்லை. ரிமோட் தானாக வெளியே வரும்வரை காத்திருப்பேன்.

பொழுது சாய்ந்ததும் சேகர் மோட்டார் கொட்டகையில் மெயினை ஏற்றினான். கம்பி கரையோரமாக ஒரு சாண் உயரத்தில், அமைதியாக, ஒன்றும் தெரியாததுபோல ஓடியது. கரண்ட் வருகிறதா என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அதைத் தொட்டுப் பார்க்கிற ஆள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

மீசை

மறுநாள் நான் தரையில் உட்காரவில்லை. ஏணி வைத்து, ஆம்ப்ளிஃபயரோடு கோயில் மண்டபத்துத் தளத்தின்மேல் ஏறிவிட்டேன். முதலை ஏணி ஏறாது என்பதைச் செல்போனில் தேடி உறுதி செய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

பாட்டு ஓடியது. பனி மெல்ல வெளுத்தது. வந்தது.

அதே தட்டைத் தலை, அதே முதுகு, அதே மேடு, அதே வால். அதே வரிசை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். குளத்தின் நடுவே வந்ததும் முதலை மூன்றாகப் பிரிந்தது.

தலை ஒரு பக்கம் போனது. முதுகு இன்னொரு பக்கம். வால் அங்கேயே முங்கி, வேறு இடத்தில் ஒரு தலையோடு எழுந்தது. அதன் முகத்தில் விறைப்பாக, வெள்ளையாக மீசை. அது மல்லாந்து படுத்து, ஒரு கெளுத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சோளக்கதிர் தின்பதுபோலத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. மற்ற இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கீச்கீச்சென்று கத்தின. அதில் ஒன்று சின்னது. குட்டி.

முதலைக்கு மீசை கிடையாது என்பதை நான் எங்கும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நீர்நாய். ஆற்றில் வலை போடுகிறவர்கள் வலை கிழிந்தால் திட்டுகிற திட்டில் மட்டும் நான் கேட்டிருந்த பெயர். ஐம்பது வயது வரைக்கும் கண்ணால் பார்த்ததில்லை. ஈரம் பட்ட முதுகு, இப்போதுதான் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னியது. எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா நான் பிள்ளையாரின் வாகனத்தின் மேல் ஏறினேன்?

சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றும் தண்ணீரைவிட்டு ஏறி, வாய்க்கால் மதகுப் பக்கம் போகத் தொடங்கின. அவை அன்றாடம் வந்துபோகும் வழி அதுதான்போல. அந்த வழியின் குறுக்கே கம்பி.

மோட்டார் கொட்டகை எதிர்க்கரையில். நான் தளத்தின்மேல். என்னிடம் இருந்தது மைக் ஒன்றுதான்.

“டேய், நில்லுங்கடா! கம்பிடா! கரண்டுடா!”

நீர்நாய்களுக்குத் தமிழில் அறிவிப்பு செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நான்கு கூம்பு ஸ்பீக்கரிலும் என் குரல் இடித்தது. மூன்றும் அலறியடித்து, திரும்பிப் போகாமல், முன்னால் பாய்ந்தன. முதல் இரண்டும் கம்பிக்கு அடியில் புகுந்து போய்விட்டன. பெரியதாக இருந்த மூன்றாவதின் முதுகு கம்பியில் உரசியதுபோல இருந்தது. கம்பியிலிருந்த பனித்துளிகள் சிதறுவதைக் கண்ணால் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கரை காலியாக இருந்தது. வாய்க்காலில் மட்டும் அலை.

உரசவில்லை, என் சத்தத்தில் துள்ளித் தாண்டிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் குரலால் ஒரு உயிர் பிழைத்தது என்று பெருமையாகவும் இருந்தது. கோவிந்தசாமிக்குப் பிராயச்சித்தம்.

யாரும் நம்பாத உண்மை

பொய்யை நம்பிய ஊர் உண்மையை நம்பவில்லை.

டீக்கடையில் சொன்னேன். “நேத்து மொதல, இன்னைக்கு நாயா? நாளைக்கு யானையா?” என்றார்கள். “அந்த நாய் மைக் செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துச்சா?” என்றார் கடைக்காரர். வீடியோ எடுத்திருக்கிறேன் என்று செல்போனைக் காட்டினேன். ஒரு கையில் மைக்கோடு எடுத்ததில் வானம், என் கால் கட்டைவிரல், மறுபடி வானம். பின்னணியில் நான் அலறுவது மட்டும் தெளிவாக இருந்தது. எத்தனை வருடம் ஒலி வேலை பார்த்தவன்.

சேகர் வயலில் நின்றான். “மாமா, மூணா இருந்தா என்ன, முப்பதா இருந்தா என்ன? மீன் போவுதுல்ல? கம்பி இருக்கட்டும். நீர்நாயா இருந்தாலும் வாங்கட்டும்.”

“கரையில கெடந்த தலைய நல்லா பார்த்தியா? எல்லாம் ஆப்பிரிக்கக் கெளுத்தி மாப்ள. உன் குஞ்ச முழுங்கற கெளுத்தி.”

“ரோகு தலையும் கெடந்துச்சு. நான் பார்த்தேன்.”

அது உண்மைதான். நானும் பார்த்திருந்தேன். 

அன்று ஒரு வளைகாப்புக்கு மைக் கட்டப் போனேன். கட்டினேன், கழற்றினேன், வந்துவிட்டேன்.  மறுநாள் விடியலில் அந்தக் குட்டி முன்னால் வந்தால் என்ன ஆகும் என்பதே கண்ணுக்குள் நின்றது. நானே மெயினை இறக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் கொட்டகைக்குப் போகவும் அந்தக் கம்பியை ஒட்டித்தான் இருட்டில் நடக்க வேண்டும். நான் என்னை அறிந்தவன்.

பொழுது சாயும்போது அரசி தம்பியைக் கூப்பிட்டாள். உள்ளே இருந்து கேட்டேன்.

“சேகரு, காலையிலேருந்து இந்த மனுசன் ஒரு ஜோக்கு அடிக்கல. நாளைக்கு ஒருநாள் கூட போய் என்னன்னு பாரு.”

“ஒடம்பு சரியில்லயாக்கா?”

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நெசம் சொல்றாருபோல.”

ஏணியிலிருந்து விழுந்தவன்

மறுநாள் தளத்தின்மேல் இரண்டு பேர். பாட்டு போடவில்லை. மார்கழியில் முதல்முறையாக ஊர் அமைதியாக விடிந்தது. சேகர் பீடியைப் பற்றவைக்கப் போனான். கையைப் பிடித்துத் தடுத்தேன். அவன் என்னை வித்தியாசமாகப் பார்த்தான்.

வந்தன. பனிக்குள் ஒரே நீளமாக.

“அம்மாடி” என்றான் சேகர் மெதுவாக. “மொதலதான் மாமா.”

“பொறு.”

பிரிந்தன. சேகரின் வாய் திறந்தபடியே இருந்தது. பெரியது ஒரு மீனைப் பிடித்து, தின்னாமல், குட்டியின் முன்னால் விட்டது. மீன் தப்பியது. மறுபடி பிடித்து விட்டது. மறுபடி தப்பியது. மூன்றாவது தடவை குட்டி அதைப் பிடித்து, பிடித்ததை நம்ப முடியாமல், வாயில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்தியது.

“ரோகு” என்றான் சேகர்.

“ம்.”

“நல்ல சைசு.” அவன் குரலில் கோபம் இல்லை.

வாயில் ரோகுவோடு குட்டிதான் முதலில் கரையேறியது. அம்மாவுக்கு முன்னால் போய்க் காட்ட வேண்டும் என்கிற அவசரம். நேராகக் கம்பியைப் பார்த்து ஓடியது.

நான் மைக்கை எடுப்பதற்குள் சேகர் பக்கத்தில் இல்லை. ஏணியில் இறங்கினான் என்று சொல்ல முடியாது, ஏணியோடு இறங்கினான். விழுந்த இடத்திலிருந்தே எழுந்து, லுங்கியை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, குளத்தைச் சுற்றி ஓடாமல் குளத்துக்குள்ளேயே குதித்தான். இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தடித்துக்கொண்டு எதிர்க்கரை ஏறி, கம்பியைத் தாண்டிக் குதித்து, கொட்டகையைப் பார்த்து ஓடினான். அதே குளத்தில் பன்னிரண்டு அடி முதலை இருக்கிறது என்று இரண்டு நாளைக்கு முன்னால் நம்பியவன்.

குட்டி அதற்குள் கம்பிக்கு வந்துவிட்டது. வாயில் இருந்த மீன் குறுக்கே நின்றதால் அடியில் நுழைய முடியாமல், தொங்கலாக இருந்த கம்பியில் கழுத்து மாட்டிக்கொண்டு திமிறியது. கீச்சென்ற சத்தம். பெரியது ஓடிவந்து பிடரியைக் கவ்வி இழுத்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மைக் கையில் இருந்தது. 

கொட்டகையில் மெயின் இறங்கும் சத்தம் கேட்டது.

கம்பி அதிர்ந்தது. குட்டி விடுபட்டது. மூன்றும் வாய்க்காலில் இறங்கிப் போய்விட்டன. ரோகு மட்டும் கரையில் துடித்துக்கொண்டிருந்தது.

நான் மண்டபத் தூணைக் கட்டிக்கொண்டு இறங்கி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சேகர் கொட்டகை வாசலில் சேற்றோடு உட்கார்ந்திருந்தான். முழங்கை கிழிந்திருந்தது. 

“டயத்துக்கு ஆஃப் பண்ணிட்டேன்ல மாமா?”

“பண்ணிட்ட மாப்ள.”

“பண்ணிட்டேன்ல?”

“பண்ணிட்டடா. உயிரோடதான் போச்சு.”

அன்று காலையே கம்பியைச் சுருட்டினான். துடித்த ரோகுவை எடுத்துத் தண்ணீரில் விட்டான். பிறகு வயலுக்குப் போய்ப் பன்றிக்குப் போட்டதில் மிச்சமிருந்த கம்பியையும் அவிழ்த்தான். அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

என் வாடிக்கையாளர்கள்

அந்த வாரம் வனத்துறையிலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்தார். நான்தான் போன் செய்திருந்தேன். சேற்றில் தடத்தைப் பார்த்தார், செதில் கலந்து கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறினார், சிரித்தார். “நீர்நாய்தாங்க. குடும்பமா வந்திருக்கு. நீங்க குடுத்து வச்சவங்க.”

இதுக்கு என்ன ஆபத்து என்று கேட்டேன். கரையில் நடந்துகொண்டே சொன்னார். ஆற்றில் மணலை அள்ளியதில் கரை சரிந்து, குட்டி போடப் பொந்து இல்லை. நைலான் வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். பேட்டரியால் தண்ணீரில் கரண்ட் விட்டு மீன் பிடித்தால் அதிலும் போகும். மீன் போகிறதே என்ற கோபத்தில் சிலர் செத்த மீனுக்குள் வயலுக்குப் போடும் குருணை மருந்தை வைத்து வீசுவார்கள். தோலுக்காகப் பிடிக்கிறவர்களும் உண்டு. கொஞ்சம்தான் மிச்சம் என்றார். கம்பியைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தபோது சேகர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறைத்தது. அவர் சொன்ன ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். மணல் லாரிக்காரர் மகள் சடங்குக்கு நான்தான் மைக் கட்டினேன். பேட்டரியில் மீன் பிடிக்கிறவன் என்னோடு படித்தவன். குருணை வாங்கும் கடையின் திறப்பு விழா அறிவிப்பு என் குரல். கம்பி என் மைத்துனன். காட்டில் ஒளிந்திருக்கிற வேட்டைக்காரன் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லோரும் என் வாடிக்கையாளர்கள்.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஒவ்வொரு விடியலிலும் இரண்டு பாட்டுக்கு நடுவே நகைச்சுவையை நிறுத்திவிட்டு அவற்றைப் பற்றிச் சொன்னேன். இன்று மூன்று வந்தன, குட்டி தானே மீன் பிடித்தது, தயவுசெய்து யாரும் கல் எறியாதீர்கள். முதலில் இரண்டு பேரைக் கேட்டுவிட்டுத்தான் நம்பினார்கள். பதில் சொல்வதற்காக அந்த இரண்டு பேரும் கரைக்கு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்களைக் கேட்க இன்னும் நான்கு பேர் வந்தார்கள். என் பெயர் கெட்டிருந்ததால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

ஊர் முழுவதும் திருந்திவிட்டது என்று எழுதினால் நீங்கள் கோவிந்தசாமியை நினைத்துக்கொள்வீர்கள். திருந்தவில்லை. ஆனால் எங்கள் குளத்திலும் வாய்க்காலிலும் பேட்டரி போடுவது நின்றது. சேகர் மீனில் கொஞ்சம் போனது. கெளுத்தியும் போனது. மகள் படிப்பை முடித்துவிட்டாள். இந்த மார்கழியிலும் அவை வந்தன. பனிக்குள் இப்போது முதலை இன்னும் நீளமாகத் தெரிகிறது.

அந்த முதல் மார்கழியில், விடியலில் தளத்தின்மேல் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தபோதெல்லாம் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். அவை வந்ததற்கு, ஓடிய சேகருக்கு, அப்புறம் கொஞ்சம் என் தொண்டைக்கும். நான் ஒரு தரம், அவன் ஒரு தரம், ஆளுக்கொரு முறை காப்பாற்றினோம் என்று இருவரும் டீக்கடையில் நிறைய நாள் பேசினோம்.

சித்திரையில் ஒரு நாள்

அந்த மார்கழி கழிந்து வந்த சித்திரையிலேயே, சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்த பிறகு, குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க கம்பிக்குப் பிறகு முதல்முறையாக சேகர் மோட்டாரைப் போடப் போனான். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“மூணு பேஸ்ல ஒரு பியூஸ் கட்டையக் காணோம் மாமா. அதுவும் நான் கம்பிக்கு லைன் எடுத்த பேஸு. எவனோ திருடிட்டுப் போயிருக்கான்.”

அரசி உள்ளே போனாள். அரிசி டிரம் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளைப் பீங்கான் கட்டையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து, தம்பி கையில் கொடுத்தாள்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

“எப்பக்கா எடுத்த?”

“நீ கம்பி கட்டுன அன்னைக்கே. புல்லறுக்கப் போனேன்ல. நீ மெயின ஏத்துறதுக்கு முன்னாடி.”

“நீர்நாய்க்காகவா?” என்றேன்.

“அது இருக்கறது அன்னைக்கு யாருக்குத் தெரியும்? இருட்டுல போற ஆளு நீங்க. கம்பி எங்க இருக்குன்னு பார்த்தா கால வைப்பீங்க?”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா மைக்குல சொல்லிருப்பீங்க.”

சேகர் கிழிந்து ஆறிய முழங்கையைத் தடவிக்கொண்டான். நான் என் தொண்டையை.

அந்தக் கம்பியில் ஒரு நாளும் மின்சாரம் ஓடவில்லை. பியூஸ் கட்டை எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் இருந்தது.